பழைய ஜீப்பின் பராமரிப்பு: முதற் பணம் எதற்குச் செல்ல வேண்டும்?

சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் குடியிருந்துகொண்டு, செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றின் வீட்டு முற்றத்தில் தகப்பனார் காலத்து ஜீப்பு ஒன்று தார்ப்பாய் போர்த்து நிற்பதைக் காணலாம். விதை, உரம், மோட்டார் பம்பு, ஆட்கள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரையிலும் வரப்போரத்து மண்பாதையிலும் செல்லத் தக்க வண்டி இதைப்போல் வேறில்லை என்பது நிலமுடையோர் பலருடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சரியே. ஆனால் அவ்வண்டிக்காகச் செலவிடப்படும் பணம் சரியான வரிசையில் செலவாகிறதா என்பது வேறு கேள்வி. அகன்ற டயர், பளபளக்கும் விளக்கு, சக்தி மிகுந்த யந்திரம் ஆகியவற்றுக்கு முதற் பணம் போய்விடுகிறது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் மிச்சப் பணமே வருகிறது. இவ்வரிசை தலைகீழாக்கப்பட வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படும் விஷயம்.

வண்டியின் பூர்வோத்தரம்

ஜீப்பு யுத்தத்துக்காகப் பிறந்தது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லீஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே வில்லீஸ் கம்பெனியார் குடிமக்களுக்கென ஒரு மாதிரியை வெளியிட்டு, அதை முக்கியமாக விவசாயிகளுக்கே விற்க முற்பட்டனர். கலப்பை இழுக்கவும், பின்புறச் சுழல் தண்டின் மூலம் பிற யந்திரங்களை ஓட்டவும் அது உதவும் என்பது அவர்கள் கூறிய சிறப்பு. இந்தியாவில் 1947-இல் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் இவ்வண்டியின் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கி, பின்னர் இங்கேயே உற்பத்தி செய்தனர். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கிய பின்னர், வட்டார அபிவிருத்தி அதிகாரியின் ஜீப்பை அறியாத கிராமமே இல்லை என்றாயிற்று. அவ்விதம் சர்க்காரில் உழைத்துக் கழிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்ட வண்டிகள் பல, நிலமுடையோர் கைக்கு வந்து சேர்ந்தன.

ஆகவே இன்று ஒருவரிடமுள்ள பழைய ஜீப்பு, ஒரே கையில் போற்றி வளர்க்கப்பட்டதாக இருப்பது அரிது. மாடு வாங்குகிறவன் பல்லையும் சுழியையும் பார்த்தே விலை பேசுகிறான். ஜீப்பு வாங்குகிறவரும் முதலில் யந்திர எண்ணும் சட்ட எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலிக்கும் இடம் உறுதியானது. மந்தமாக ஒலித்துத் துரு உதிரும் இடம் உள்ளே அரித்துப்போனது. மேற்பூச்சைக் கண்டு ஏமாறலாகாது.

நிறுத்துதலே முதற் காரியம்

பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் பிரேக் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்துதான் அழுத்தம் போகிறது. ஏதேனும் ஒரு சக்கரத்தின் ரப்பர் குழாய் வெடித்தால், அந்த ஒரு சக்கரம் மாத்திரமன்றி நான்குமே ஒருங்கே பிடிப்பை இழக்கும். மேலும் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தளத்தின் கீழ் இருப்பதால், வயற்சேறும் மழைநீரும் எளிதில் அதை அடைகின்றன. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. கடலோரமான சென்னையில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய், இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆவிக் குமிழிகளை உண்டாக்கி, மிதிகட்டையைப் பஞ்சுபோல் ஆக்கிவிடும். சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும். அது எத்தனை தெளிவாகத் தோன்றினாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதும் வடித்துப் புதிது ஊற்றுவது அவசியம்.

எனவே ஜீப்பில் ஏதேனும் ஒரு புது அம்சம் சேர்க்க வேண்டுமானால், முதலில் சேர்க்க வேண்டியது முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரே. ஒரு வழி கெட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். இக்காரியத்தைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் செய்யத்தக்கது, எண்ணெய் மட்டத்தை வாரந்தோறும் பார்ப்பதும், சக்கரங்களின் உட்புறத்தில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று நோக்குவதுமாம். டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதித் தள்ளுவது ஆகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும்; அத்தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும்.

கைப்பிரேக்கு விஷயத்தில் பலர் அறியாத அபாயம் ஒன்று உண்டு. பல பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கு சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னுள்ள சுழல் தண்டையே பிடிக்கிறது. ஆகையால் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கியவுடன், தூக்கிய சக்கரம் எதிர்த் திசையில் சுழல இடம் கிடைப்பதால், கைப்பிரேக்கு இழுத்திருந்தும் வண்டி உருண்டுவிடும். கியரில் நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான். தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நான்கு சக்கர இழுவையையும் போட்டு, கியரில் நிறுத்திய பின்னரே ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கிய வண்டியை உறுதியான இரும்புத் தாங்கியின்மேல் நிறுத்தாமல் அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும் என்பதை மறக்கலாகாது. பல பழைய ஜீப்புகளில் இடப்புறச் சக்கரங்களின் மரைகள் எதிர்ப்புறமாகத் திரும்புவனவாகவும் இருக்கும். இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் திருகி போல்ட்டை முறித்தவர்கள் அனேகர்.

வீட்டில் செய்யத்தக்க மாதாந்தர வேலைகள்

ஜீப்பு எளிய யந்திரம். ஒரு ஸ்பானர் செட்டு, ஒரு கிரீஸ் கன், இடைவெளி அளக்கும் தகடு, இரண்டு இரும்புத் தாங்கி ஆகியவை இருந்தால், படித்த குடியானவன் எவனும் இதன் சாதாரண வேலைகளில் பெரும்பாகத்தைத் தானே செய்துகொள்ளலாம்.

முதலாவது, காற்று வடிகட்டி. பெட்ரோல் ஜீப்புகளில் எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியே வழக்கம். அறுவடைக் காலத்தில் உமித்தூசியும் மண்தூசியும் பறக்கும் களத்துமேட்டில் ஒரு வாரம் ஓடினாலே கிண்ணத்தின் அடியில் சேறு கட்டும். அதைக் கழுவிக் குறித்த மட்டம்வரை புது எண்ணெய் ஊற்ற வேண்டும். இதைச் செய்யாவிடில் அத்தூசி சிலிண்டருக்குள் சென்று அரத்தைப்போல் ராவிவிடும். சில நூறு ரூபாய் எண்ணெயை மிச்சப்படுத்தி யந்திரம் முழுவதையும் பிரிக்கும் செலவை வரவழைப்பது சிக்கனமாகாது.

இரண்டாவது, கிரீஸ். ஸ்பிரிங் பட்டைகளின் ஷாக்கிள்கள், ஸ்டீயரிங் மூட்டுகள், சுழல் தண்டின் யூ-ஜாயிண்டுகள் ஆகியவற்றில் பழைய கிரீஸ் வெளிவந்து புதிது தலைகாட்டும்வரை அடிக்க வேண்டும். சேற்றிலோ நீரிலோ சென்று வந்தால் அன்றைக்கே இதைச் செய்வது நலம்.

மூன்றாவது, பற்றவைப்பு. வில்லீஸ் வகைப் பெட்ரோல் யந்திரத்தில் பிளக்கின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பாகம். டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்டின் இடைவெளி ஆயிரத்தில் 20 பாகம். பற்றும் வரிசை 1, 3, 4, 2. இம்மூன்றையும் வண்டியின் மூடிக்கு உட்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டால், நடுவழியில் கிராமத்து மெக்கானிக்குக்கும் உதவியாகும்.

நான்காவது, கியர் எண்ணெய். கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல்கள் ஆகிய ஒவ்வொன்றிலும் மட்டம் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸினுள் பித்தளை வளையங்கள் இருப்பதால் அதற்கு ஜி.எல்.-4 தர எண்ணெயே ஏற்றது. டிஃபரன்ஷியலுக்குரிய கடுமையான ஜி.எல்.-5 எண்ணெயை அதில் ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்க்கை காலக்கிரமத்தில் பித்தளையை அரிக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் ஒரே டின் என்னும் வழக்கம் விடத்தக்கது. வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடாமல், பழைய எண்ணெய் எடுப்போரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பாசன நீரைத் தானே கெடுத்துக்கொள்வது குடியானவனுக்கு அழகல்ல.

ஐந்தாவது, பெட்ரோல் செல்லும் வழி. இப்போது நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியடியில் நீர் தேங்கித் துருப் பிடிக்கும். வில்லீஸ் வகை ஜீப்பில் டாங்கி டிரைவரின் ஆசனத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்பதை நினைவிற் கொண்டால், பெட்ரோல் வாசனையை அலட்சியம் செய்வது எத்தகைய காரியம் என்பது விளங்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவது பிரேக்குக்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டிய செலவு.

இவ்வளவையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வர வேண்டும். அடங்கல் எழுதாத கிராமத்தில் சாகுபடி இன்னதென்று சொல்ல முடியாததுபோல, குறிப்பில்லாத வண்டியின் நிலையையும் எவராலும் சொல்ல முடியாது.

கடற்காற்றும் வெள்ளமும்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நிற்கும் வண்டிக்கு உள்நாட்டு வண்டிக்கில்லாத சத்துரு ஒன்று உண்டு, அது உப்புக்காற்று. மாதம் ஒருமுறையேனும் அடிச்சட்டத்தை நல்ல நீரால் கழுவி, உலர்த்தி, துருப்பிடித்த இடங்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் வர்ணம் தீட்ட வேண்டும். தார்ப்பாயை இறுகப் போர்த்துவது ஈரத்தை உள்ளே அடைப்பதாகும். காற்றோட்டமுள்ள கொட்டகையே மேலானது.

1-12-2015 அன்று பெய்த பெருமழையிலும் அதையடுத்த அடையாற்று வெள்ளத்திலும் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு முதலிய பகுதிகளில் வாகனங்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பாகங்கள் அதே கஷ்டத்தை அனுபவித்தன. ஜீப்பு நீரிற் செல்லத்தக்க வண்டி என்ற நம்பிக்கையால், அச்சு மூழ்க நின்ற வண்டியை வெள்ளம் வடிந்தவுடன் ஸ்டார்ட் செய்வது பெருந்தவறு. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், நீர் அழுத்தத்துக்கு இடங்கொடாதாகையால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, கைப்பிடித் தண்டால் யந்திரத்தை மெல்லச் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். யந்திரம், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்கள் ஆகிய எல்லாவற்றின் எண்ணெயையும் வடித்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்தது என்று அறியலாம். சக்கர பேரிங்குகளையும் கழுவிப் புதுக் கிரீஸ் இட வேண்டும். இதற்கு ஒருநாள் வேலையும் சில டின் எண்ணெயும் செல்லும். செய்யாமல் விட்டால் சில மாதங்களில் பேரிங்குகள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கும். நெற்பயிர் மூழ்கினால் நீர் வடித்தவுடன் ஓடிப் பார்க்கும் குடியானவர், வண்டி விஷயத்திலும் அதே சுறுசுறுப்பைக் காட்ட வேண்டும்.

எவை நன்மையான மாற்றங்கள்?

பழையது பழையபடியே இருக்க வேண்டும் என்று வாதிப்பது இங்கு நோக்கமன்று. இரட்டைப் பிரேக் வழியும் புதிய பெட்ரோல் குழாய்களும் முன்னரே கூறப்பட்டன. மூன்றாவதாக, ஆசனங்களுக்கு இடுப்புப் பட்டைகள். பழைய ஜீப்புகளில் இவை கிடையா. தளத்தகட்டின் அடியில் கனத்த இரும்புத் தகடு வைத்துப் பூட்டினாலன்றி அவை தாங்கமாட்டா. நான்காவதாக, 6 வோல்ட் மின்சார அமைப்புள்ள மிகப் பழைய வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றுவது. இரவில் வெளிச்சம் போதும். பாட்டரியும் எங்கும் கிடைக்கும். ஆனால் பல்புகள், காயில், டைனமோ, ரெகுலேட்டர் ஆகிய யாவும் உடன் மாற வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இச்சாமான்களில் பலவற்றைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் தேடிப் பெறலாம். பழைய சாமான் கடையில் பிற பாகங்களை வாங்கலாம். பிரேக் ரப்பரும் ஸ்டீயரிங் மூட்டும் மட்டும் புதியவையாகவே வாங்க வேண்டும்.

பெரிய டயர் விஷயம் வேறு. இவ்வண்டிக்கு முதலில் அமைந்தது 6.00-16 டயர். அதைவிட மிகப் பெரியதை மாட்டினால் சேற்றில் அடித்தளம் சற்று உயரும் என்பது உண்மையே. ஆனால் சக்கரத்தின் விட்டம் பெருகப் பெருக, அதே பிரேக்கின் பிடிப்பு குறைகிறது. ஸ்டீயரிங் மூட்டுகளும் அச்சுகளும் அதிகமாகத் தேய்கின்றன. நான்கு டயர்களும் ஒரே அளவாக இல்லாவிடில், நான்கு சக்கர இழுவையைப் போட்டவுடன் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக் கியர்களை முறிக்கும். இதே காரணத்தால், உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போடவே கூடாது. அது சேற்றுக்கும் மணலுக்கும் உரியது.

பெட்ரோல் யந்திரத்தை எடுத்துவிட்டு டீஸல் யந்திரம் வைப்பதற்குச் சொல்லப்படும் நியாயம் அற்பமானதன்று. டீஸலுக்குச் செலவு குறைவு. தாழ்ந்த வேகத்தில் இழுவை அதிகம். மகீந்திரா கம்பெனியாரே 1980-களில் பியூஜோ டீஸல் யந்திரம் வைத்த ஜீப்புகளை விற்றனர். ஆனால் அவ்வண்டிகள் அந்த யந்திரத்துக்கெனவே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டவை. மூலைப் பட்டறையில் கனத்த யந்திரம் ஒன்றைப் பழைய சட்டத்தில் வெல்டு வைத்து நிறுத்துவது அதற்கு ஈடாகாது. டீஸல் வண்டியே வேண்டுவோர், தொழிற்சாலையிலிருந்து டீஸலாகவே வந்த பழைய வண்டியொன்றை வாங்குவதே லாபம்.

சட்டத்தின் எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதிப்படுத்தியது. யந்திர மாற்றம் போன்ற காரியங்களுக்குப் பதிவு அதிகாரியின் அனுமதியும் சான்றிதழில் பதிவும் அவசியம். மயிலாப்பூரார் மந்தைவெளியிலும், அடையாற்றார் திருவான்மியூரிலும் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிப்பது, பின்னர் கூண்டில் நிற்பதைவிட எளிது. பதியாத மாற்றமுள்ள வண்டி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஈடு தர மறுக்கவும் இடமுண்டு. முன்புறம் பூட்டும் கனத்த இரும்புத் தடுப்பும் 2017 முதல் மத்திய சர்க்காரால் தடுக்கப்பட்டதே. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு ஒன்று ஏற்பட்டது. அதற்கு முதற் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். இதைக் கௌரவமாகக் கருதிப் பலர் விரும்பக்கூடும். ஆனால் அவ்விதம் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வாகன ஓட்டம், பழுதுபார்ப்பு முதலிய காரியங்களுக்கன்றி அன்றாட உபயோகத்துக்கு ஓட்டலாகாது. நிலத்துக்குச் சென்றுவர ஜீப்பு வேண்டுவோர் இப்பதிவை நாடாமல், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது விவேகம்.

முடிவு

இவ்வளவு சிரமம் ஏன், விற்றுவிட்டுப் புதிது வாங்கலாகாதா என்று கேட்போர் உண்டு. அடிச்சட்டம் அரித்துப்போன வண்டிக்கு அக்கேள்வி நியாயமானதே; அதற்கு மேலும் பணம் கொட்டுவது வீண். ஆனால் சட்டம் உறுதியாயிருக்கும் வண்டியை, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பாலும் சொற்பச் செலவாலும் இன்னும் ஒரு தலைமுறை நடத்தலாம்.

ஜீப்பின் பின்னாசனத்தில் உட்கார்ந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஆட்கள், அதன் டயர் எத்தனை அகலம் என்று கேட்பதில்லை; ஏரிக்கரை இறக்கத்தில் அது நிற்கும் என்று நம்பியே ஏறுகிறார்கள். ஆதலின் முதற் பணம் பிரேக்குக்கும், அடுத்தது பெட்ரோல் குழாய்க்கும் ஸ்டீயரிங்குக்கும், பின்னர் ஆசனப் பட்டைக்கும், அதன்பின் வெளிச்சத்துக்கும், மிகுந்தால் அலங்காரத்துக்கும் என்ற வரிசையை நிலமுடையோர் கைக்கொள்வது நலம். கிராம அதிகாரிகளும் தத்தம் பொறுப்பிலுள்ள சர்க்கார் வண்டிகளில் இவ்வரிசையை முதலில் நடத்திக் காட்டுவார்களாயின், குடிகள் அதைப் பார்த்துத் தாமே பின்பற்றுவார்கள்.